இல்லாத கையின் வலி

(வெள்ளி விழா அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)



என் சிற்றப்பா கல்குவாரி வெடியில் வலக்கையை இழந்தவர். இல்லாத அக்கையின் விரல்கள் மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதாகச் சொல்லி இரவெல்லாம் துடிப்பார். பேய் என்றனர் ஊரார். வேலைக்கு வர மனமின்றி நடிக்கிறான் என்றார் குவாரிக் கணக்கர். சிறுவனாயிருந்த நானும் நம்பவில்லை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களிடம் இதே வேதனையைக் கண்ட வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-ஆம் ஆண்டிலேயே இதனை மாய உறுப்பு என்று பெயரிட்டு எழுதினார். ஆயினும், அப்போது மூளைக்குள் நடப்பதைக் காணும் வழி இல்லை.

பெருமூளையின் மேற்பரப்பில் உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் அமைந்துள்ளது. 1995-இல் ஜெர்மனியின் ஹெர்த்தா ஃப்ளோர் குழுவினர், கை இழந்தோரின் மூளையில் எழும் நுண்ணிய காந்தப்புலத்தை அளந்தனர். உதட்டுக்குரிய பகுதி கையின் பகுதியை நோக்கி எவ்வளவு நகர்ந்திருந்ததோ, அவ்வளவுக்கு வலியும் மிகுந்திருந்தது. அயலான் புகுந்ததால் எழும் கூச்சலே வலி எனப் பலரும் கொண்டனர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், எஞ்சிய கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கையே அசைவதுபோல் உணரச் செய்ததும் அக்காலத்தில்தான்.

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டின் தாமார் மேக்கின் குழுவினர், அத்தகையோரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னார்கள். மூளை வேலை செய்யுமிடத்தில் குருதியின் உயிர்வளி அளவு மாறுவதைக் கொண்டு அக்கருவி படம் தருகிறது. கைக்குரிய இடம், இரு கையும் உடையோர்க்குப் போலவே ஒளிர்ந்தது! வலி மிக்கவர்க்கு இன்னும் மிகுதியாக! வீடு பறிபோகவில்லை, உரியவனே உள்ளே இருந்தான். 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் மூவரை அறுவைக்கு முன்பும் பின்பும் படமெடுத்தனர். கையின் வரைபடம் பெரிதும் மாறவில்லை. ஆதலால் வெட்டுண்ட நரம்பின்பால் கவனம் திரும்பியிருக்கிறது. அந்நரம்பின் நுனியை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைக்கும் அறுவை முறையும் இன்று உண்டு.

ஒன்று கவனியுங்கள். படத்தில் ஒளிர்வது மூளையின் வேலை, வலி அன்று. எவ்வளவு வலிக்கிறது என்பதை இவ்விஞ்ஞானிகளும் நோயாளியைக் கேட்டே அறிந்தனர். என் சிற்றப்பாவை எவரும் கேட்கவில்லை. அவர் 1992-இல் மறைந்தார்.

ஆலையிலோ அறுவடை இயந்திரத்திலோ கைகால் இழந்தவர் நம் தெருக்களில் இன்றும் உள்ளனர். அவர்களுள் எவரேனும் இவ்வாறு சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமாயின் நான் வருகிறேன்.