பதவி போச்சு, சட்டம் நின்றது



கேரளத்து ஜோசப் முண்டசேரியைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன். 1903-இல் பிறந்தவர். திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரிப் பேராசிரியர். மலையாள இலக்கியத் திறனாய்வில் பெரிய பெயர். அந்தப் புகழோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைந்தது. முண்டசேரி கல்வி அமைச்சரானார். அந்நாளில் தனியார் பள்ளி ஆசிரியரின் வேலையும் சம்பளமும் நிர்வாகியின் கையில். அரசே நேராகச் சம்பளம் கொடுக்கவும், நினைத்தபடி வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பாமல் தடுக்கவும் கல்வி மசோதா கொண்டுவந்தார். அவர் பிறந்த கத்தோலிக்கத் திருச்சபையே எதிர்த்தது. சிறுபான்மையோர் உரிமை போய்விடும் என்றது. உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்தங்களோடு மசோதா சட்டமானது. 1959 ஜூலை 31-இல் அமைச்சரவையே கலைக்கப்பட்டது. பதவி போச்சு, சட்டம் நின்றது!

சம்பள நாளின் அருமை தெரிந்த தோட்டத்துப் பெற்றோர்களே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? வாத்தியார் வயிறு காய்ந்தால் பிள்ளையின் படிப்பும் காயும்.

பிள்ளைகளே, இன்றைய பரிசு உங்களுக்கு. நாளை உங்கள் படிப்பு ஊருக்கு உதவட்டும்.