மாமா கேட்ட கேள்வி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மனசு மீண்டும் மாணவனாகிவிட்டது. இன்ஜினியருக்குப் பறவைக் காய்ச்சலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

2006 பிப்ரவரி. நான் பிளஸ் டூ. மகாராஷ்டிரா மாநிலம் நவாப்பூரில் கோழிகளுக்கு எச்5என்1 காய்ச்சல் என்று செய்தி வந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. நாமக்கல்லில் நோய் இல்லை. ஆனாலும் மாமாவின் பண்ணையில் முட்டை தேங்கிப்போனது, வாங்க ஆளில்லை. அப்போது மாமா கேட்டார்: "வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா சொட்டு விடறோம். இதுக்கு மட்டும் ஏன் மாப்ளே ஒண்ணும் இல்ல?" பதில் தெரியாமல் நின்றேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆபீஸில் வருகைப் பதிவு மெஷின் கைரேகையில் சில புள்ளிகளை மட்டும்தான் பார்க்கும். உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களும் அப்படித்தான். வைரஸின் மேல் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் எச் புரதத்தில் சில இடங்களை வைத்தே ஆளை அடையாளம் காண்கின்றன. இந்த வைரஸ் தன் மரபணுவைப் பிரதி எடுக்கும்போது பிழை விடும். திருத்த ஏற்பாடு கிடையாது. பிழை அந்த இடத்தில் விழுந்தால் அடையாளம் பொருந்தாது. மனிதரைத் தாக்கும் எச்3என்2 வைரஸ் 1968 முதல் 2003 வரை பலமுறை வேஷம் மாற்றியது. அந்தப் புரதத்தில் 560-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. பெரிய மாற்றங்களுக்குக் காரணமானவை 7 இடங்களே!

வெள்ளைக்கழிச்சல் வைரஸும் மாறுகிறது. ஆனால் அடையாளம் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் 1946-ல் கண்டெடுத்த லசோட்டா இன்றும் கைகொடுக்கிறது.

மெக்சிகோவில் எச்5என்2-க்கு 1995-ல் தடுப்பூசி தொடங்கினார்கள். அதே பழைய மருந்தையே வருடக்கணக்காகப் போட, வைரஸ் அதைவிட்டு விலகிப் போய்விட்டது. இப்படி ஆனால் கோழி பார்வைக்கு நன்றாயிருக்கும்; உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும். ஆகவே ஊசி மட்டும் போதாது. வைரஸைத் தொடர்ந்து கவனித்து மருந்தையும் மாற்ற வேண்டும்.

கவனிப்பது எப்படி? செத்த கோழியின் மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்ந்தால்தான்! இதை மாமாவிடம் சொன்னேன். "வெளிய சொன்னா வெல போயிரும். சொல்லாட்டிப் பண்ணையே போயிரும்" என்றார். உண்மை அதுதான்.

தம்பி தங்கைகளே, மரபணு எழுத்துகளை ஒப்பிடுவது இன்று கம்ப்யூட்டர் வேலை. எந்தத் துறையில் படித்தாலும் இதில் உங்களுக்கு இடமுண்டு. மாமா கேட்ட கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.