உரியவரைத் தேடும் சேமிப்புகள்

உழைத்துச் சேர்த்த பணம், உடையவரின் குடும்பத்திற்கே தெரியாமல் வங்கி ஏட்டில் கிடப்பது உண்டு. இடம்பெயர்ந்து வாழும் மக்களிடையே இது மிகுதி. மும்பையின் தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற வேலைகளுக்கும் வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணியாளர் குடும்பங்கள் பல. வீடு மாறும்போதும், ஊர் திரும்பும்போதும், குடும்பத் தலைவர் மறையும்போதும் பழைய கணக்குகள் மறக்கப்படுகின்றன.

இத்தகைய பணத்திற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 26ஏ பிரிவு 2012இல் இயற்றப்பட்ட திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. அதன்படி, 10 ஆண்டுகள் கோரப்படாத வைப்புத் தொகைகள், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் 31இல் அந்நிதியில் இருந்த தொகை ரூ. 78,213 கோடி. இப்பணம் அரசுக்குச் சேர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உரியவர் எப்போது கேட்டாலும் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, நிதியிலிருந்து ஈடு பெற்றுக்கொள்ளும்.

தேடுவதற்கென ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு 17 அன்று 'உத்கம்' என்னும் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியது. 2024 மார்ச் நிலவரப்படி 30 வங்கிகளும், கோரப்படாத தொகையின் மதிப்பில் ஏறத்தாழ 90 சதவீதமும் இதில் அடங்கின. கணக்கு வைத்தவரின் பெயருடன் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றுள் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகரும் தேவையில்லை. கணக்கு இருப்பது தெரிந்தபின் உரிய வங்கிக் கிளையில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மும்பைத் தமிழருக்கு இங்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. மகாராஷ்டிரத்தில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என எழுதுவது வழக்கம். தமிழரோ தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். சுடலைமுத்துவின் மகன் முருகன், ஓர் ஏட்டில் 'எஸ். முருகன்' என்றும், மற்றோர் ஏட்டில் 'முருகன் சுடலைமுத்து' என்றும் இருப்பார். ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறுபடும். ஆகவே எல்லா வடிவங்களிலும் தேடுவதும், பழைய முகவரிகளைக் கொண்டு சரிபார்ப்பதும் அவசியம்.

பிற சேமிப்புகளுக்கு விதிகள் வேறு. 7 ஆண்டுகள் கோரப்படாத பங்கு ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. 10 ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத காப்பீட்டுத் தொகை, மூத்த குடிமக்கள் நல நிதியைச் சேர்கிறது. பின்னதைக் கோர 25 ஆண்டுக் கெடு உண்டு. காப்பீட்டுப் பத்திரம் வைத்திருந்தோரின் வாரிசுகள் காலம் தாழ்த்தலாகாது.

நோயினும் நோய்த்தடுப்பு மேல் என்பது இங்கும் பொருந்தும். வைப்புக் கணக்கில் நால்வர் வரை நியமனதாரராகக் குறிக்க 2025 நவம்பர் 1 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. நியமனதாரர் பணத்தைப் பெறுவது சட்டப்படியான வாரிசுகளின் பொருட்டே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தைப் பெறும் அலுவலர், அந்த இடம் வெற்றாக இருந்தால் விளக்கிச் சொல்லி நிரப்பச் செய்வது நன்று. படித்த பிள்ளைகள் பெற்றோரின் கணக்கு விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். கணவனை இழந்த ஒரு பெண் வங்கி வாயிலில் பலமுறை நிற்க நேராமல் அந்தச் சிறு குறிப்பேடு காக்கும்.