பழைய நாகரிகப் பாடம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

(திருவொற்றியூரில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு மழை நாளில் ஆறாம் வகுப்புக்குச் சிந்துவெளி நாகரிகம் நடத்திக்கொண்டிருந்தேன். மொகஞ்சதாரோவில் கழிவுநீர்க் கால்வாய்களைச் செங்கல்லால் கட்டி, மேலே மூடியும் போட்டிருந்தார்கள் என்று சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "4,500 வருஷத்துக்கு முன்னாடியே மூடி போட்டாங்கன்னா, எங்க தெரு கால்வாய் ஏன் சார் இன்னும் திறந்தே கிடக்கு?"

பாடநூலில் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை. ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளுமாக நான் நடத்திவந்த பாடத்தை, அவள் தன் தெருவை அளக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டாள். இந்தப் பாடத்தின் பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் மாணவர்களின் பெற்றோர் துறைமுகத்திலும் காசிமேட்டிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். வரலாறு என்றால் அரசர்கள், அது எங்கோ நடந்தது என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் சிந்துவெளியில் அரசர் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. செங்கல் அறுத்தவர், மணி கோத்தவர், சரக்கு நிறுத்தவர் விட்டுச்சென்ற பொருள்களை வைத்தே அந்த நகரங்களை அறிகிறோம். ஹரப்பாவிலும் லோத்தலிலும் எடைக்கற்கள் ஒரே அளவு முறையில் இருந்தன. மீன் ஏலத்தில் எடைக்காக நடக்கும் வாக்குவாதத்தைத் தினமும் கேட்கும் பிள்ளைக்கு, இதன் அருமையை விளக்க வேண்டியதே இல்லை.

இன்னும் அருகில் வருவோம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றை நம் பிள்ளைகள் சாம்பல் படிந்த ஆறாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அதே ஆற்றின் படுகையில், திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று காட்டியது. நகரங்களும் நாகரிகங்களும் தோன்றுவதற்கு வெகு காலம் முந்தையவை அவை. தங்கள் ஆற்றுக்கு இவ்வளவு நீண்ட கதை உண்டு என்று அறிந்த பிள்ளை, அதைச் சாக்கடை என்று சொல்லத் தயங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நாமே முதல்வர்' என்று முழங்கிவிட்டுப் பாடத்தை முடித்துவிடக் கூடாது. பெருமை ஒரு பாடவேளைக்குத்தான் வரும். சான்று கேட்கும் பழக்கம் வாழ்நாள் முழுதும் வரும். கீழடியில் கிடைத்த மாதிரி ஒன்றைக் கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று காட்டியதைச் சொன்னால், அந்த முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிந்துவெளி எழுத்துகளை எல்லாரும் ஏற்கும்படி இதுவரை யாரும் படிக்கவில்லை என்பதையும் மறைக்காதீர்கள். 'இன்னும் தெரியாது' என்று ஆசிரியர் சொல்லும்போது, 'நான் கண்டுபிடிக்கிறேன்' என்று ஒரு பிள்ளையாவது நினைக்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை மூன்று. உடைந்த பானை, பழைய வலைக்குண்டு, துருப்பிடித்த ஆணி என எதையாவது வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, "ஆயிரம் ஆண்டு கழித்து இதைத் தோண்டி எடுப்பவர் நம்மைப் பற்றி என்ன அறிவார்?" என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஊரின் பழைய செய்திகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வாய்ப்புக் கிடைத்தால், தொல்லியல் துறையின் பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த மாணவியின் வகுப்பு, தங்கள் தெருக்களின் கால்வாய்களை அளந்து ஒரு வரைபடம் போட்டது. எங்கே மூடி இருக்கிறது, எங்கே இல்லை என்று இரண்டு வண்ணத்தில் குறித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் வெகுநேரம் அதன் முன் நின்றார்கள். அந்தக் கால்வாய் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. வரைபடமும் மொகஞ்சதாரோ படத்துக்குப் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது. அதை நான் கழற்றப்போவதில்லை.