கோட்டைக்குக் கீழே ஒரு பேட்டை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இளைஞர்களுக்கான சரித்திரக் கதைகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். "இஞ்சினியருக்கும் சரித்திரக் கதைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். கட்டடம் கட்டுகிறவனுக்கு, பழைய கட்டடத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கும் ஆசை இருக்கக் கூடாதா?

நம்மில் பலரைச் சரித்திரக் கதைக்குள் அழைத்துப் போனவர் கல்கிதான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' வழியாக, வந்தியத்தேவன் போன பாதை நமக்கு மனப்பாடம். ஆனா, நம்ம வேப்பந்தட்டை வட்டத்து ரஞ்சன்குடி கோட்டையில என்ன நடந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறோம்.

1751ஆம் ஆண்டு. ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிய காலம். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. திருச்சிக்குப் போகும் வழியில் இந்தக் கோட்டை. இரு தரப்பும் கோட்டைத் தலைவரோடு பேரம் பேசின. அவர் யாருக்கும் கதவு திறக்கவில்லை. ஆங்கிலப் படை பொறுமையிழந்து தாக்கியது. கீழே பேட்டை எரிந்தது. மேலே கற்கோட்டை பணியவில்லை. அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயர் திருச்சிப் பக்கம் பின்வாங்கினார்கள். அந்தப் படைக்கு உணவுப்பொருள் சேகரிக்கும் பொறுப்பில் இருந்தவர் 25 வயது ராபர்ட் கிளைவ்!

தளபதிகளின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. பேட்டையில வீடு எரிஞ்சவங்க பேரு? கிடையாது. அங்கேதான் கதாசிரியருக்கு வேலை.

அந்தப் பேட்டையில் 12 வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். குதிரில் இருக்கிற கம்பை எந்தப் படை அள்ளிக்கிட்டுப் போகும்? ஆடுகளை எங்கே ஒளிச்சு வைக்கிறது? யார் பக்கம் நின்னா உயிர் தப்பும்? நாளை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்ததை அவள் மேல் ஏற்றாமல் எழுதுவதுதான் கஷ்டம். 2020 ஊரடங்கின் முதல் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மனசு புரிந்துவிடும்.

துணைக்கு ஏடுகளும் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அது பெரியவர்களுக்கான நாவல். நம் பிள்ளைகளுக்கு, நம் மண்ணிலிருந்து ஒன்று வேண்டாமா?

தம்பி தங்கைகளே, நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தெரிந்த சரித்திரத்தை மாற்றாதீர்கள், தெரியாததைத் தாராளமாகக் கற்பனை செய்யுங்கள். எது எது என்று கடைசிப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். படிக்கிற பிள்ளை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய் மேலே ஏறுவதற்கு முன், பேட்டை இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கட்டும். அது போதும்.