வாவிப் படகும் வானத்துச் செய்மதியும்

நுவரெலியா நகரை ஒட்டி, குன்றுகள் சூழ்ந்த தாழ்நிலத்திலே கிரகரி வாவி கிடக்கிறது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இவ்வாவியில் இன்று இயந்திரப் படகுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. இயந்திரம் உரக்க முழங்கினால் படகு விரைகிறது என்று காது சொல்லும். மலைநாட்டில் அந்தக் காதை நம்புவதற்கில்லை.

காரணம் காற்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி, கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்கு அளவே இருக்கும். மூச்சுக் குறைந்த இயந்திரம் வலுவும் குறைந்தே உழைக்கிறது. கடற்கரையில் நன்றாக ஓடிய இயந்திரத்தை, நீரைத் தள்ளும் அதே விசிறியுடன் மலைக்குக் கொண்டு வந்தால், படகு மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, நீரின்மேல் எழும்பிச் சறுக்கவும் மாட்டாமல், அமிழ்ந்து மெல்லச் செல்லவும் மாட்டாமல் தத்தளிக்கும். எரிபொருள் மிகுதியாய் வீணாவது அந்த இடைநிலையில்தான்.

சுழற்சிமானி இயந்திரத்தின் உழைப்பை மட்டுமே காட்டும். பழைய வேகமானியோ நீரின் அழுத்தத்தைச் சிறு குழாயொன்றால் அளப்பது. பாசி அடைத்தால் ஊமையாகிவிடும், மெதுவான ஓட்டத்தில் முள்ளும் அசையாது. ஜி.பி.எஸ். கருவிக்கு இத்தொல்லைகள் இல்லை. நான்கு செய்மதிகள் தெரிந்தால் போதும். நுவரெலியாவின் மூடுபனியும் அதற்குத் தடையன்று. கடலிலும் ஆற்றிலும் அது காட்டும் வேகத்தில் நீரோட்டமும் கலந்திருக்கும். வாவியில் ஓட்டம் மிகச் சொற்பமாதலால், நிலத்தை நோக்கிய வேகமும் நீரை நோக்கிய வேகமும் ஏறக்குறைய ஒன்றே.

இயந்திரத்தின் செய்தியையும் செய்மதியின் செய்தியையும் ஒரே கம்பியில் சேர்ப்பதற்கு என்.எம்.ஈ.ஏ. 2000 என்னும் வலையமைப்பு இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கென பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறையே இதற்கு அடிப்படை. தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் எல்லோர் காதிலும் விழும், உரியவர் மட்டுமே முன்வருவார் அல்லவா? இங்கும் அவ்வாறே. இயந்திரம் தன் சுழற்சியை விநாடிக்குப் பத்து முறையும், ஜி.பி.எஸ். கருவி வேகத்தை நான்கு முறையும் கம்பியில் அறிவிக்கின்றன. எந்த மானிக்கு எது வேண்டுமோ அதை அது எடுத்துக்கொள்கிறது. பழைய இயந்திரமாயின், அதன் மின்குறிப்புகளை இம்மொழிக்கு மாற்றித் தரும் கருவியொன்றும், எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் கருவியொன்றும் இடையில் வேண்டும்.

ஒரு படகு மணிக்கு 12 லீற்றர் பெற்றோல் எரித்து 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்க. கிலோமீற்றருக்குச் செலவு 0.8 லீற்றர். விசையைக் கூட்டியதும் 20 லீற்றர் எரிகிறது, வேகமோ 18தான். செலவு 1.1 லீற்றராக ஏறிவிட்டது. 28 லீற்றரில் படகு நீரின்மேல் எழும்பி 35ஐ எட்டுமாயின், செலவு மீண்டும் 0.8க்கு இறங்கும். எழும்ப முடியாத படகுக்கு, விசையைக் குறைப்பதும் சரிவு குறைந்த விசிறியை மாற்றுவதுமே வழி. இக்கணக்கை மானியே இடைவிடாது போட்டுக் காட்டும். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

கம்பி எல்லாம் பூட்டிய பின்னும் வேகமுள் பூச்சியத்திலேயே நிற்பதுண்டு. பெரும்பாலும் கருவியில் பழுது இராது. நீரிலுள்ள சக்கரத்திலிருந்தோ குழாயிலிருந்தோ வேகத்தை எதிர்பார்க்கும்படி மானி அமைக்கப்பட்டிருக்கும், அதை ஜி.பி.எஸ். வேகத்துக்கு மாற்றினால் முள் எழும். அதன் பின்னும் செய்தி தடுமாறினால் முனைத்தடைகளைப் பார்க்கவேண்டும். முதுகெலும்புக் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருத்தல் அவசியம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செய்திக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால், ஒரு முனையில் தடை பூட்டப்படவில்லை, அல்லது இணைப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது.