மில்லிங் மெஷின் தலை கடகடன்னு சத்தம் போட்டா முதல்ல எதைத் திறக்கணும்?

பழைய மில்லிங் மெஷின் வாங்கினவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: "தலையில கடகடன்னு சத்தம், பேரிங் போச்சா?" அவசரப்படாதீங்க. ஸ்பிண்டில் பேரிங் ஜோடி விலை அதிகம், மாத்துற வேலையும் பெருசு. சத்தம் வேற இடத்துல இருந்தா காசும் போகும், சத்தமும் போகாது.

பிரிட்ஜ்போர்ட்டை எடுத்துக்குவோம். 1938-ல அமெரிக்காவோட கனெக்டிகட் மாநிலத்துல, பிரிட்ஜ்போர்ட் நகரத்துல வந்த மெஷின். அதோட 2ஜே தலையில வேகத்தை டயலைத் திருப்பியே மாத்தலாம். உள்ளே புல்லியோட ரெண்டு பாதியும் விலகும், நெருங்கும். பெல்ட் அதுக்கேத்த மாதிரி மேலே கீழே ஏறி இறங்கும். அதனாலதான் மோட்டார் ஓடும்போது மட்டுமே அந்த டயலைத் திருப்பணும்.

கோடுல பக் தேடுறப்ப பாதி பாதியா ஒதுக்கிட்டே வருவோம் இல்லையா? இங்கேயும் அதேதான். லிவரை நியூட்ரல்ல போட்டு மோட்டாரை ஓட விடுங்க. இப்போ ஸ்பிண்டிலுக்கு சக்தி போகாது. அப்பவும் சத்தம் வந்தா கோளாறு மேலே, மோட்டார், பெல்ட், புல்லி பக்கம். பெரும்பாலும் நகர்ற புல்லிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் புஷ் தேய்ஞ்சிருக்கும். விலை குறைஞ்ச சாமான். லோ கியர்ல மட்டும் சத்தம்னா பேக் கியர் பக்கம் பாருங்க. கடைசியா மோட்டாரை நிறுத்தி, நியூட்ரல்ல ஸ்பிண்டிலைக் கையால சுத்துங்க. கரகரன்னு உறுத்துச்சுன்னா அப்போதான் பேரிங் மேல சந்தேகம்.

சரி, பேரிங்தான்னு உறுதியாச்சு. குயிலை வெளியே எடுக்கணும். பறவை இல்லைங்க, ஸ்பிண்டிலைச் சுமந்துக்கிட்டு மேலே கீழே போற உருளைக்குப் பேரே குயில்! அதைத் தூக்கிப் பிடிக்கிற சுருள் ஸ்பிரிங்ல நல்ல இழுவிசை இருக்கும். பிடிச்சுக்கிட்டு மெதுவா தளர்த்தணும். சட்டுனு விட்டா கையைப் பதம் பார்த்துடும்.

கீழே ரெண்டு பேரிங், நடுவுல ரெண்டு ஸ்பேசர் வளையம். கழட்டும்போதே எந்த முகம் எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்து வைங்க, ஒரு பேரிங் திரும்பிப் போனாலும் வேலை கெட்டுச்சு. ஸ்பேசர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி கிரைண்ட் பண்ணது. வேற வளையத்தோட கலக்கக் கூடாது. நடுவுல ஒரு தூசி உட்கார்ந்தாலே பேரிங் மேல விழற அழுத்தம் மாறிடும். அழுத்தம் குறைஞ்சா ஸ்பிண்டில் ஆடும், கூடினா சூடாகும். கிரீஸும் அப்படித்தான், அதிகமா அடைச்சா சூடுதான் மிச்சம். அதனால பட்டறையைக் கூட்டித் துடைச்சுட்டு, புது பேரிங்கை அதை மாட்டுற நிமிஷத்துல மட்டும் உறையில இருந்து எடுங்க.

எல்லாம் சேர்த்து முடிச்சாலும் ஒரு வேலை பாக்கி. டயல் கேஜை ஸ்பிண்டில்ல மாட்டி, கையால சுத்தி, மேஜை மேல ஒரு வட்டம் போட வைங்க. இடது, வலது, முன், பின், நாலு பக்கமும் முள் ஒரே இடத்துல நிக்கணும். இல்லேன்னா தலை சாய்ஞ்சிருக்கு. போடுற துளையும் சாய்வாத்தான் விழும்.

சுருக்கமா, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி லிவரை நகர்த்திப் பாருங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். உங்க மெஷின்ல சத்தம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.